பச்சைப் புல் சுட்ட பாதம்!

“டாக்டர், இவர் காலைக் கொஞ்சம் பாருங்க. முள் குத்தினாக்கூட இவருக்குத் தெரிய மாட்டேங்குது” என்றபடி கணவரை உள்ளே அழைத்து வந்தார் அந்த அம்மா.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது 68. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்தில் மகன் வீட்டில் தங்கிவிட்டு அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்திருந்தது. வலது பெருவிரலுக்குக் கீழே புண்.

“என்ன சார் நடந்தது?”

“ஒண்ணுமில்லே டாக்டர். பையன் வீட்டுக் கொல்லையில கோல்ஃப் பழக பிளாஸ்டிக் புல் போட்டிருக்கான். மத்தியானம் பேரனோட கொஞ்ச நேரம் பந்து தட்டினேன். அவன் ஷூ போட்டிருந்தான், நான் வெறுங்கால். ராத்திரி பார்த்தா கொப்புளம்.”

“நிக்கும்போது சுடலையா?”

“சுடலையே!”

அந்தச் ‘சுடலையே’தான் என்னைப் பயமுறுத்தியது.

பார்க்கத்தான் பச்சை

செயற்கைப் புல் புதிதல்ல. 1966ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர உள்ளரங்க மைதானத்தில் விரித்த பிறகு உலகப் புகழ் பெற்றது. பீனிக்ஸ் பாலைவன ஊர். தண்ணீர் ஊற்றிப் புல் வளர்ப்பது அங்கே பெரிய செலவு. அதனால்தான் பலர் இதற்கு மாறுகிறார்கள்.

கோல்ஃபில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைக்கும் பயிற்சிக்கு ஒரு சின்ன இடம் போதும். கொல்லையில் சில அங்குலம் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, பொடிக்கல் கொட்டி அழுத்துவார்கள். மழைநீர் வடிய லேசான சரிவு வைப்பார்கள். நாலேகால் அங்குல அகலமுள்ள குழிக் கிண்ணங்களைப் பதித்து, பாய்போல் புல்லை விரித்து, ஓரங்களில் ஆணி அடிப்பார்கள். கடைசியில் மணல் தூவித் துடைப்பத்தால் தேய்த்து உள்ளே இறக்குவார்கள். பார்த்தால் அசல் புல்லே தோற்றுவிடும்.

ஆனால் உயிருள்ள புல் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும்.

2002ல் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது! தண்ணீர் தெளித்தபோது 79 டிகிரி 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் மறுபடி 49. இருபது நிமிடத்தில் 73. பீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த ஊரில் வெறுங்கால் என்னவாகும், யோசித்துப் பாருங்கள்.

ஏன் தெரியவில்லை?

மதுமேகம் என்று சித்த மருத்துவம் சொல்லும் சர்க்கரை நோய் கட்டுப்பாடில்லாமல் நீடித்தால் பாத நரம்புகள் பழுதாகும். முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு சூடும் தெரியாது, வலியும் தெரியாது. வலி என்பது உடம்பு வைத்திருக்கும் காவல்காரன். காவல்காரன் தூங்கினால் புண் பெரிதாகும், சீழ் பிடிக்கும், காலையே இழக்கும் நிலை வரலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சுட்டுவிட்டால்...

ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், மஞ்சள், மை, பற்பசை எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைமையாசிரியரையும் அன்றே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். “உங்க மருந்தே போதாதா?” என்றார். “இந்தப் புண்ணுக்குப் போதாது சார்” என்றேன். சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

புல் போடுகிறவர்களுக்கு

நம் ஊரிலும் மொட்டை மாடியில், பால்கனியில் இந்தப் புல் வந்துவிட்டது. போடுங்கள், தப்பில்லை. ஆனால்:

* மதிய வெயில் விழாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மேலே நிழல்வலை கட்டுங்கள்.

* வாசலிலேயே செருப்பு வையுங்கள். மிதிக்கும் முன் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். கை தாங்காவிட்டால் கால் வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் எப்போதுமே வெறுங்காலோடு வேண்டாம்.

* மணல் தூவுகிறவர் முகக்கவசம் அணியட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

* தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். தேங்கினால் கொசு, பாசி.

* விளையாடி வந்த குழந்தைகள் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம். வெயில் மிகுந்த ஊர்களின் கோல்ஃப் மைதானங்களில் ‘பெர்முடா புல்’ என்று வளர்க்கிறார்களே, அது வேறு யாருமில்லை, நம்ம பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான்! கொல்லையில் மண் இருந்தால் ஒரு மூலையையாவது அதற்கு விட்டுவையுங்கள்.

தலைமையாசிரியரின் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. கால் தப்பியது. மகன் இப்போது கொல்லைக்கு நிழல்வலை கட்டி, கதவோரம் அப்பாவுக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி வைத்திருக்கிறாராம். தினமும் இரவு அந்த அம்மா கணவரின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் படுக்கப் போகிறார்.

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், இன்று இரவே நீங்களும் பாருங்கள்.