களவா கூடும் அந்திப் பொழுது

மீன் குரல் கொடுக்குமா என்று கேட்டீர்களே, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் களவா என்கிறோமே, அந்தக் குடும்பத்தின் கரீபியன் கிளையில்தான் இதை நன்றாகக் கேட்டிருக்கிறார்கள்.

நாசாவ் களவா ஆண்டு முழுக்கத் தன் பாறை இடுக்கில் தனியாகக் கிடக்கும் மீன். மார்கழி, தை மாத முழுநிலவை ஒட்டி மட்டும் கிளம்பும். பல கிலோமீட்டர் நீந்தி, பவளப்பாறை சட்டென்று ஆழத்தில் இறங்கும் விளிம்பில் ஆயிரக்கணக்கில் சேரும். சூரியன் சாயும் நேரம் சிறு சிறு கூட்டமாக மேல்நோக்கிப் பாய்ந்து முட்டையையும் விந்தையும் ஒருசேரத் தண்ணீரில் விடும். அந்தச் சில மாலைகளோடு அந்த ஆண்டின் இனப்பெருக்கம் முடிந்தது.

இடமும் நாளும் மாறாது என்பதுதான் இந்த மீனுக்கு வினை. 2001-இல் லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் சுமார் 7,000 மீன்கள் கூடுவதை மீனவர்கள் கண்டார்கள். இரண்டே பருவத்தில் ஏறக்குறைய 4,000 மீன்கள் தூண்டிலில் போயின. 2003-இல் அங்கே பிடிக்கத் தடை வந்தது. 2018 வாக்கில் எண்ணிக்கை மறுபடி 7,000-ஐத் தாண்டியது. பொறுமையாக விட்டுவைத்தால் கடல் திருப்பித் தரும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு.

சரி, குரலுக்கு வருவோம். களவாவின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. அதை ஒட்டிய தசைகள் வேகமாகச் சுருங்கி விரியும்போது, மேளத்தோல் அதிர்வதுபோல் பை அதிரும். எழுவது 100 ஹெர்ட்ஸ் அளவிலான கட்டைக் குரல். நாசாவ் களவாவிடம் இரண்டு வகை கேட்கிறது: இணைசேரும் வேளையில் ஒரே சுருதியில் நீளும் முனகல், மிரளும்போது விட்டுவிட்டு வரும் துடிப்பு. ரெட் ஹைண்ட் என்ற சிறிய களவாவின் குரல் வேறு. பழகிய காதுக்கு எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

போர்ட்டோ ரிக்கோவின் மேற்கே இத்தகைய கூடுமிடங்கள் ஆழமானவை. குளிர்கால அலையில், இருட்டும் நேரத்தில், முக்குளித்து மீன் எண்ணுவது ஆபத்து. அதனால் நீரடி ஒலிவாங்கியைப் பாறையில் கட்டிவைக்கிறார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, சில விநாடி பதிந்து, மாதக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். எடுத்துக் கேட்டால் எந்த நாளில் கூட்டம் சேர்ந்தது, எந்த நாளில் கலைந்தது என்பது ஓசையின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிகிறது. தடைக்காலம் மீனின் நாட்காட்டியோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க இது பெரிய உதவி.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்தம் கூடினால் மீன் பெருகிவிட்டது என்று உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. போர்ட்டோ ரிக்கோவின் மேற்கே உள்ள அப்ரிர் லா சியெரா என்ற கூடுமிடத்தில் 12 ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ரெட் ஹைண்டிடம் முதலில் பெண்ணை அழைக்கும் ஒலியே மிகுந்திருந்தது. பிந்தைய ஆண்டுகளில் ஆணும் ஆணும் இடத்துக்காக மோதும் ஒலி மேலோங்கியது. கூட்டத்தில் ஆண், பெண் விகிதம் மாறியிருக்கலாம், வயதான ஆண்கள் பெருகியிருக்கலாம். எது என்று குரல் மட்டும் சொல்லாது. ஆகவே ஒலிவாங்கி இருக்கும் இடத்திலும், கடல் அனுமதிக்கும் நாட்களில் முக்குளிப்பவர்கள் இறங்கி எண்ணத்தான் வேண்டும்.