முதுமையும் விளையாட்டும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

விளையாட்டுக்கு முற்பட்டது உழைப்பு என்பது பிளெகானவின் கருத்து. பனிச்சறுக்கு இதற்குத் தக்க சான்று. வேட்டைக்கும் பயணத்துக்கும் உதவிய பலகையே பின்னர் விளையாட்டுக் கருவியாயிற்று. 1875இல் நோர்வேயிற் பிறந்து கனடாவிற் குடியேறிய ஹேர்மன் ஸ்மித் யொஹான்சன் 100 வயதைக் கடந்தும் சறுக்கினார். ஆயின், அத்தகைய ஓய்வுநேரம் எவ்வர்க்கத்தினர்க்கு வாய்க்கின்றது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

வவுனியா - மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற ஊர்களில் முதியோர் வயலில் ஓயாது இயங்குகின்றனர், அது விளையாட்டன்று. குனிந்து களை பிடுங்கும் முதுகு தேய்கின்றதேயன்றி வலுப்பெறுவதில்லை. கிளித்தட்டோ இளையோர்க்குரியதாகிவிட்டது. இப்பின்னணியிலேயே முள்ளியவளை அகிலத்திருநாயகியின் சாதனையை மதிப்பிடல் வேண்டும். 2023இல் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் தடகளப் போட்டியில், தமது 72ஆம் வயதில், இரு தங்கப்பதக்கங்களை வென்றவர் அவர். மனவுறுதி பெரிதே. எனினும் அவர் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர். வயற்கூலிப் பெண்ணுக்கு அத்தகைய ஓய்வு இல்லை.