பயிற்சி இருக்கிறது, பாத்தி எங்கே?

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கோவா, லீக்ஸ், கரட் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் தீர்மானம் எடுக்கப் பழகும் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எப்போது நடுவது, உரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது, வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுப்பதா மறுப்பதா, எல்லாம் நட்டவர் பொறுப்பு. கொழுந்து பறிப்பதில் அப்படியில்லை. எந்த மலை, எத்தனை கிலோ என்பதை நிர்வாகம் சொல்லிவிடும்.

சாதாரண தரத்தில் 'விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும்' ஒரு பாடம். அதில் பழகியதை வீட்டில் செய்துபார்க்க நிலம் வேண்டுமே! தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. வீட்டுத் திட்டங்களில் கிடைப்பது சில பேர்ச் மட்டுமே. ஓர் ஏக்கர் என்றால் 160 பேர்ச். வீடும் வாசலும் போக மிஞ்சுவது சில பாத்திகள்.

இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் தருபவர்கள் சிறுதோட்ட உரிமையாளர்கள். காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில்தான் அவர்கள் அதிகம். கொழுந்தும் கவ்வாத்தும் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். காணி உறுதிதான் இல்லை.

ஆகவே விவசாயப் பயிற்சி என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பயிற்சி முடிந்த மறுநாள் இவர்கள் எந்த நிலத்தில் நடுவார்கள்? அதை எழுத்தில் கொடுத்தது யார்?