ஹாரித் நோவா: ஷொர்ணூரிலிருந்து டக்கார் வரை

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். பிறப்பு: 1993. ஊர்: ஷொர்ணூர், பாலக்காடு மாவட்டம்.

பாரதப்புழைக் கரையிலுள்ள ஷொர்ணூரை ரயில் சந்திப்பாகவே பலரும் அறிவர். மோட்டார் பந்தய உலகில் அவ்வூரின் பெயர் தெரிந்தது ஹாரித் நோவாவால். மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாக அமைத்த சிறு சுற்றுப்பாதையில் தாவி ஓட்டும் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் இவர் ஐந்து முறை தேசியச் சாம்பியன். அந்தப் பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

டக்கார் ராலி அப்படியல்ல. சவூதி அரேபியப் பாலைவனத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம், பல ஆயிரம் கிலோமீட்டர். பைக் எஞ்சின் 450 சிசிக்கு மேல் இருக்கக் கூடாது. கைபேசி வரைபடம் கிடையாது. கைப்பிடிக்கு மேலே பொருத்திய ‘ரோடுபுக்’ குறிப்புகளைப் படித்தபடியே மணல்மேடுகளுக்கிடையே வழி கண்டுபிடிக்க வேண்டும். வேகத்தைவிட இதுதான் கடினம்.

ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக 2020-இல் முதன்முதலாக டக்காரில் இறங்கினார். 2021-இல் ஒட்டுமொத்தப் பட்டியலில் 20-ஆம் இடம். அதுவரை எந்த இந்தியரும் எட்டாத இடம். (டக்காரை முதலில் ஓட்டி முடித்த இந்தியர் பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ், 2015, 36-ஆம் இடம்.) 2023-இல் விழுந்து, காயத்துடன் விலகினார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து, 2024 ஜனவரியில் ராலி 2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும் பெற்றார். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் இவரே. 2025-இல் தொடக்கச் சுற்றிலேயே விழுந்து போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.