சுடுதண்ணீர்த் தொட்டியில் குளோரின் ஏன் தோற்றுப்போகிறது?

2009 இல் ஷெல் பட்ட அண்ணாவின் காலுக்குச் சுடுதண்ணீர்தான் ஆறுதல். கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய காற்றடைக்கும் தொட்டியைக் கடுகண்ணாவை வீட்டின் பின்விறாந்தையில் வைத்தோம். 800 லீற்றர் கொள்ளும். இரண்டாம் கிழமையே அவரது முதுகிலும் தொடையிலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்த பருக்கள். 'சூடோமோனாஸ்' என்ற பற்றீரியாவின் வேலை என்றார் வைத்தியர். தொட்டியிலோ குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. பிறகெப்படிக் கிருமி?

அந்த நெடிதான் என்னை ஏமாற்றியது. வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரின்தான் அப்படி மணக்கும். கிருமியைக் கொல்வது எதனோடும் சேராமல் மிஞ்சியிருக்கும் குளோரின். சுடுதண்ணீர்த் தொட்டியில் அது லீற்றருக்கு 3 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். சூட்டில் அது வேகமாகக் குறையும் என்பதால் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பது அவசியம்.

ஆனால் அளவு மட்டும் போதாது. தண்ணீரின் பி.எச். பெறுமானம் 7.5 ஆக இருந்தால் குளோரினில் ஏறத்தாழப் பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக நிற்கும். 8 ஆனால் கால்பங்கு. நான் போட்ட குளோரின் தூளே காரத்தன்மையுள்ளது. குமிழிகள் கரியமில வாயுவை வெளியேற்ற, பி.எச். இன்னும் ஏறும். நெடி வந்தும் நோய் வந்ததென்று நான் மேலும் மேலும் தூளைக் கொட்டினேன். வெறும் நட்டம்.

ஊரில் கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். எங்கள் மலைக்கிணற்றில் அது இல்லை, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். நல்ல தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். பி.எச். ஏறி இறங்காமல் பிடித்துவைக்கும் காரத்தன்மை அதில் மிகக் குறைவு: சோதனைத் தாளில் 20. அதை 80 ஆக்க 80 கிராம் அப்பச்சோடா போதுமாயிருந்தது. அதன் பிறகே பி.எச்.ஐ 7.2 இலிருந்து 7.8 க்குள் கொண்டுவந்து, கடைசியில் குளோரின். 65 வீதத் தூளென்றால் இந்தத் தொட்டிக்கு 4 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு! வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைக்கவேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அமிலத்தோடு சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும், வினாகிரியும் அமிலந்தான்.

சூடு 40 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. ஆறாத புண்ணோடு இறங்கவே கூடாது. அண்ணாவின் தழும்பு ஒருமுறை வெடித்தபோது ஒரு மாதம் தொட்டியை வெறுமையாக்கி வைத்தோம்.

மீள்குடியேறிய இடங்களில் கிணற்றுக்குக் குளோரின் போடுவதற்கும் இதே கணக்குத்தான். பி.எச். 8 க்குக் கீழே, குறைந்தது 30 நிமிடம் விட்டபின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலங்கல் கிணறென்றால் முதலில் இறைத்துவிடுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும்.