உங்களுக்குத் தெரியுமா? ஒரே ‘கோரிமேடு’, இரண்டு கோப்பு!

தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து நிற்கும் புதுச்சேரியில், ‘கோரிமேடு’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். அதிலுள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் எழுதியபடியே விட்டுவிடும். இரண்டு வடிவங்களும் லினக்ஸ் சர்வரில் சேர்ந்தால் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வெவ்வேறு கோப்புகள். தேடினால் ஒன்றுதான் அகப்படும்.

ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தால் தொல்லையில்லையே என்பார்கள். ஆனால் குறை தமிழுடையது அல்ல. குறியிட்ட பிரெஞ்சு எழுத்துகளும் இப்படித்தான் பிரிகின்றன. அனுப்பும் முன் பெயர்களையெல்லாம் ‘என்எஃப்சி’ என்னும் சேர்ந்த வடிவுக்கு மாற்றினால் போதும். ‘கன்வ்எம்வி’ என்ற இலவச நிரல் மொத்தமாக மாற்றித் தரும். பெயரின் நீளத்தில் மட்டும் கவனம் தேவை: லினக்ஸின் வரம்பு பொதுவாக 255 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும்.