மரபணுவும் மதியும்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம் நாட்டுப் பழமொழி. மூக்கின் அமைப்பும் தோலின் நிறமும் பெற்றோர் வழி வருவது போலவே, அறிவும் நடத்தையும் வருகின்றனவா? அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை ஒன்று வீட்டில் இருக்குமாயின், இக்கேள்வி வெறும் ஆராய்ச்சியாக நின்றுவிடாது. தலைவிதி என்று கைவிடுவதா, ஆவன செய்ய முயல்வதா என்பது இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தது.

ஜீன் எனப்படும் மரபணுவின் வேலை யாது? இன்ன புரதத்தை இன்னவாறு ஆக்குக என்னும் குறிப்பைத் தாங்கி நிற்பதே பெரும்பாலும் அதன் வேலை. கணக்குப் போடு, பேசு, பழகு என்று எந்த மரபணுவும் கட்டளை இடுவதில்லை. புரதத்திலிருந்து புத்திக்குச் செல்லும் வழி நெடியது. கிளைகள் பல உடையது.

1934-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங், அறிவு குன்றிய உடன்பிறந்தார் இருவரின் சிறுநீரைச் சோதித்து, அதில் வழக்கமாகக் காணப்படாத அமிலம் ஒன்று இருக்கக் கண்டார். ஃபீனைல்கீட்டோனூரியா என்று பின்னர் பெயர் பெற்ற இந்நோயில் பழுதுபட்டிருப்பது, கல்லீரலில் தொழிற்படும் ஒரு நொதிக்கு உரிய மரபணு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெறும் குழந்தைக்கே நோய் உண்டாகும். உணவிலுள்ள ஃபீனைல்அலனின் என்னும் சத்தை அந்நொதி மாற்றாவிடில், அது இரத்தத்தில் மிகுந்து, வளரும் மூளையைக் கெடுத்துவிடுகிறது. பழுது கல்லீரலில், கேடு மூளைக்கு!

இவ்வழி தெரிந்ததும் அதனை அடைக்கவும் இயன்றது. அச்சத்தைக் குறைத்த உணவினால் ஒரு குழந்தை நலம் பெற்றதை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிக்கலும் அவருடைய துணைவர்களும் 1953-இல் வெளியிட்டனர். இன்று பல நாடுகளில், பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் இரத்தத் துளிகளைக் கொண்டே இந்நோயை அறிந்து, உணவை ஒழுங்கு செய்கின்றனர். மரபணு மாறவில்லை, மதி காக்கப்படுகிறது.

வேறொரு குறையைக் காண்போம். நியூஸிலாந்து மருத்துவர் வில்லியம்ஸ் 1961-இல் விவரித்த நோய்க்குறித் தொகுதி அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏழாவது குரோமோசோமின் ஒரு படியில் சுமார் 25 மரபணுக்கள் விடுபட்டுப் போவதே இதன் காரணம். இழந்தவற்றுள் எலாஸ்டின் என்னும் புரதத்திற்குரிய மரபணு ஒன்று. அதனால் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகுகிறது. இங்கே காரணமும் விளைவும் அருகருகே உள்ளன. மனத்தின் கதையோ வேறு. இக்குறை உடையோர் எவரிடமும் அன்புடன் பழகுவர், சரளமாகப் பேசுவர், எனினும் எளிய உருவம் ஒன்றைப் பார்த்து வரைவதில் இடர்ப்படுவர். இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணமான தனி மரபணு அகப்பட்டதென 1996-இல் கருதினர். ஆனால் அதே மரபணுவை இழந்தும் அவ்வாறு இடர்ப்படாத சிலர் உளர் என 1999-இல் தெரியவந்தது.

அதே ஆண்டில் கார்மிலாஃப்-ஸ்மித் அம்மையாரும் அவர் குழுவினரும் இக்குறையுடைய சிசுக்களை ஆராய்ந்தனர். வளர்ந்தபின் எண்ணறிவில் பின்தங்குவோர், சிசுப் பருவத்தில் சிறு எண்ணிக்கைகளை வேறுபடுத்தி அறிவதில் தம் வயதினரை ஒத்திருந்தனர். பிற்காலத்தில் சொல்வளம் மிக்கோரோ, அப்பருவத்தில் மொழியில் பின்தங்கியிருந்தனர். ஆகவே மதி என்பது பிறவியிலேயே வரைந்து முடித்த படமன்று. மூளை வளர வளர உருப்பெறுவது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. வில்லியம்ஸ் குறை பெரும்பாலும் புதிதாகத் தோன்றுவது. மற்றையது பெற்றோர் அறியாமலே தாங்கி வருவது. எனவே அவர்கள் தம்மை நொந்துகொள்ள இடமில்லை. மற்றொன்று, காலத்தில் அறிதல். பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தச் சோதனை செய்யும் ஏற்பாடு நம் நாடெங்கும் இன்னும் வந்துவிடவில்லை. ஆதலின் மகப்பேறு நிகழும் மருத்துவமனையில் அதனைக் கேட்டறிதல் பெற்றோர் கடமை. நாள் கடந்தபின் கெட்ட மூளையை உணவு மீட்டுத் தருவது அரிது.